மூடி திறக்காத தவலை

"சாமிக்குப் பசிக்குமா, பசிக்காதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

படித்துறையின் மேல்படியில் நின்று ஐயாறப்பன் இப்படிக் கேட்டபோது, கேட்கப்பட்டவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று புடவை அலசிக்கொண்டிருந்தார்.

காதில் விழாத மாதிரி அவர் புடவையை இன்னொரு முறை முக்கி எடுத்தார்.

ஐயாறப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தண்ணீரில் நின்ற அம்மாவுக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். ஆனாலும் அந்த அம்மாதான் குரு, இவர்தான் சீடர். புரசங்குடியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஐயாறப்பன் விட்டுவிட்டார்.

அந்த அம்மாவின் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கோ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து படித்துறை மண்டபத்தில் தங்கினார். படித்துறையம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற சாமியார் இல்லை. பசித்தால் பசிக்கிறது என்பார், தூக்கம் வந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடுவார்.

ஐயாறப்பன் புரசவனநாதர் கோயில் மடைப்பள்ளியில் முப்பத்தோரு வருஷமாகச் சமைக்கிறார். சாமிக்குச் சமைப்பது வீட்டுச் சமையல் மாதிரி இல்லை. வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ருசி பார்க்கக்கூடாது, வாசனை பிடிக்கக்கூடாது. சாமி சாப்பிடும் முன் அந்த வாசனைகூட வேறு யாருக்கும் போகக்கூடாது. உப்பு சரியா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும், வெந்ததா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இதில் ஐயாறப்பன் தனக்குத் தானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். உச்சிக்கால நைவேத்தியம் ஆகாமல் அவர் வாயில் ஒரு பருக்கை போகாது. காய்ச்சல் கண்ட நாளிலும் அப்படித்தான். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவராக ஆரம்பித்தது, அப்படியே நடந்து வந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு அன்று நடந்ததைக் கேளுங்கள்.

மடைப்பள்ளி மேடையில் வெண்கலத் தவலை இரண்டு உண்டு. ஒரே அளவு, ஒரே மூடி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் மத்தியான வெண்பொங்கல். இன்னொன்று சாயங்காலத்துக்குக் கழுவிக் கவிழ்த்துத் துடைத்து மூடி வைத்தது. உள்ளே பொங்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்குகிறவனுக்கு இடுப்பு ஒடியும், அவ்வளவு கனம்.

மூன்றாம் நாள் ஐப்பசிப் பௌர்ணமி, அன்னாபிஷேகம். லிங்கத்தைத் தலையிலிருந்து ஆவுடை வரை சோற்றாலேயே மூடிச் சாத்துகிற நாள். ஊரே வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து கொட்டும். ஐயாறப்பன் மனசெல்லாம் அந்த அரிசியில்தான் இருந்தது. குறுவை அறுத்த புது அரிசி, தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு போய் சந்நிதியில் வைத்தார்.

சந்திரமௌலி குருக்கள் திரையை இழுத்தார். திரைக்குள் மூடியைத் திறந்து, நீர் தெளித்து, சாமிக்குக் காட்ட வேண்டும். குருக்களுக்கும் அன்னாபிஷேக அவசரம். மூடியோடேயே நீர் தெளித்தார், காட்டினார், மணி அடித்தார். திரை விலகியது. தீபாராதனை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நடை சாத்தியாயிற்று.

தவலையைத் திருப்பிக் கொண்டுவந்து ஐயாறப்பன் மூடியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று அவர் முகம்தான் தெரிந்தது.

பொங்கல் தவலை மேடையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் ஓடிப் போய்க் குருக்களிடம் சொன்னார். குருக்கள் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள், வெளியே பதினோரு பேர் பிரசாதத்துக்கு நிற்கிறார்கள், அவரும் என்ன செய்வார்? பொங்கலை எடுத்து எல்லாருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். பதினோரு பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் விரலை நக்கிவிட்டு ஐயாறப்பன் கைக்கு ஈடில்லை என்றார்.

பிறகு குருக்கள் அவர் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்.

"விடுங்க ஐயாறப்பன். சாமி என்ன வந்து கேக்கப் போறாரா?"

ஆறுதலாகச் சொன்ன வார்த்தைதான். ஐயாறப்பனுக்கு அது நெஞ்சில் ஈட்டி மாதிரி இறங்கிற்று. மேல்துண்டைக்கூடத் தோளில் போடாமல் நேரே படித்துறைக்கு வந்துவிட்டார்.

புடவையைப் பிழிந்து படியில் போட்டுவிட்டு அம்மா ஏறி வந்தார். ஐயாறப்பன் எல்லாவற்றையும் கொட்டினார். சாமிக்குப் பசிக்காது என்றால் முப்பத்தோரு வருஷமாக யாருக்குச் சமைத்தேன்? பசிக்கும் என்றால், மகாபாவி நான் இன்றைக்கு அவரைப் பட்டினி போட்டுவிட்டேன். முதல் பதில் சரி என்றால் இனிமேல் சமைக்க வேண்டியதில்லை. இரண்டாவது சரி என்றால் இனிமேல் சமைக்க எனக்கு யோக்கியதை இல்லை. எப்படிப் பார்த்தாலும் நாளை மறுநாள் அன்னாபிஷேகத்துக்கு என்னால் அடுப்பைத் தொட முடியாது.

"வெறும் தவலையை வச்சோம். மணி அடிச்சோம். அவரும் சும்மா இருந்துட்டார்" என்று முடித்தார்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார்.

"சாமி விஷயம் எனக்குத் தெரியாது. எனக்குப் பசிக்குது" என்றார்.

ஐயாறப்பனிடம் ஒன்றும் இல்லை. கையை விரித்தார்.

"நாளைக்குக் காலையில கொண்டு வாங்க. வீட்டுல மூடி போட்ட பாத்திரம் இருக்கில்ல? அதுல."

"பொங்கலா?"

"பாத்திரம். நல்லாக் கழுவி, மூடி போட்டு."

ஐயாறப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குரு சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அன்று வீட்டில் மனைவி வடிவாம்பாள் தட்டு வைத்தாள். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அவர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். உருண்டை தொண்டைவரை போய் அங்கேயே நின்றுகொண்டது. பசிக்கவில்லை என்று எழுந்துவிட்டார்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து வடிவாம்பாள் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. மோராவது குடியுங்கள் என்றாள். மோரும் இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஈயம் பூசிய வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை மூடி போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா கை கால் கழுவி, சம்மணம் போட்டு, முன்னால் இலை விரித்துத் தயாராக இருந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, வையுங்கள் என்று ஜாடை காட்டினார்.

ஐயாறப்பன் மூடியைத் திறந்தார். உள்ளே என்ன இருக்கும்? ஈயம்தான்.

அம்மா பாத்திரத்துக்குள் கையை விட்டு அள்ளி இலையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் வாசனை பிடித்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். ஒப்புக்குச் சாப்பிடவில்லை. ஊதி ஊதி, உருட்டி உருட்டி, புறங்கையில் வழிந்ததை நக்கிச் சாப்பிட்டார். கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைத்தார்.

ஐயாறப்பன் ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெய் தாராளமா விட்டிருக்கீங்க" என்றார் அம்மா. "மிளகு பதமாப் பொரிஞ்சிருக்கு. உப்புத்தான் ஒரு கல்லு கம்மி."

"என்னது, உப்பு கம்மியா?"

கேட்டுவிட்டார். காது இரண்டும் குப்பென்று சிவந்துவிட்டன. முப்பத்தோரு வருஷத்தில் இந்த ஊரில் ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை என்றார். ஒரு படி அரிசிக்கு எத்தனை சிட்டிகை என்று இந்தக் கைக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும் என்றார். வேண்டுமானால் வேறு யாரையாவது கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே மென்றார்.

"சரி, இருக்கட்டும். இன்னொரு கரண்டி போடுங்க."

ஐயாறப்பனின் கை தானாகப் போயிற்று. இல்லாத கரண்டியைப் பிடித்தது, அடியிலிருந்து அள்ளியது, நெய் சிந்தாமல் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியது, இலையில் கொண்டுபோய்ப் பதமாக வைத்தது.

வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கேலி பண்ணுகிறீர்களா என்று கேட்டார். நான் உயிர் போகிற மாதிரி ஒன்றைக் கேட்டால் நீங்கள் இந்தக் கூத்து அடிக்கிறீர்களே என்றார்.

அம்மா அதையும் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து எடுத்துப் போய்ப் போட்டு, கை கழுவி வந்து, ஒரு ஏப்பம் விட்டார்.

"கேலியா? எனக்கு வயிறு நெறைஞ்சுது."

"அப்படின்னா வெறும் பாத்திரமே போதுமே. சமைக்கிறவன் எதுக்கு?"

"அதை நீங்கதான் எனக்கு வந்து சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அம்மா மண்டபத் தூணில் சாய்ந்தார். உண்ட மயக்கமாம். அடுத்த நிமிஷம் குறட்டை.

ஐயாறப்பன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த மாதிரிதான் இருந்தது. சாமிக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் தவலையே போதும், அம்மா சொன்னது அதுதான். நேரே கோயிலுக்குப் போய் மடைப்பள்ளிச் சாவியைக் குருக்களின் கையில் வைத்தார்.

குருக்கள் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே ஊர் ஏற்கெனவே திமிலோகப்பட்டுக்கொண்டிருந்தது. அரிசிக் கூடைகள் வந்து வந்து இறங்கின. பிராகாரம் முழுக்கக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் வந்து தவிலை வெயிலில் காய வைத்துத் தட்டிப் பார்த்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களும் மாப்பிள்ளைகளும் பஸ்ஸைவிட்டு இறங்கியபடியே இருந்தார்கள். இந்த அமளியில் மடைப்பள்ளி ஐயாறப்பன் சமைக்க மாட்டாராம் என்ற செய்தி பறந்தது. ஒருத்தரும் நம்பவில்லை. நம்பினவுடன் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து கேட்டார்கள், கெஞ்சினார்கள், இரண்டு பேர் திட்டவும் திட்டினார்கள். அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"அவருக்கு வேண்டாம். நான் கேட்டுட்டேன்."

கடைசியில் பக்கத்து டவுனிலிருந்து கல்யாணச் சமையல் தவமணியைப் பிடித்தார்கள். ஆயிரம் இலைப் பந்தியை அசராமல் முடிக்கிறவர். பன்னிரண்டு ஆட்களோடு மறுநாள் காலை வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அன்று உச்சிக்காலத்துக்குக் குருக்களே அடுப்பை மூட்டி எதையோ வடித்தார். மணிச்சத்தம் கேட்டபோது ஐயாறப்பன் கோபுர வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். ஏன் நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குருக்கள் வெளியே வந்ததும் அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய், சோறு நன்றாக வெந்ததா என்று கேட்டார்.

நடுவில் கொஞ்சம் அரிசி அரிசியாக இருந்தது என்று குருக்கள் ஒத்துக்கொண்டார்.

ஐயாறப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அதை எப்படி ஐயா அவர் மென்று முழுங்குவார் என்று கேட்டார். வேண்டாதவருக்கு வெந்தால் என்ன வேகாவிட்டால் என்ன? அந்த யோசனை அவருக்கு அப்போது வரவில்லை.

வீட்டில் வடிவாம்பாள் தட்டு வைத்தாள். அன்றும் இறங்கவில்லை. அவள் அழுதேவிட்டாள். என்ன வேண்டுதல் இது, யாருக்காக இந்தப் பட்டினி என்று கேட்டாள். வேண்டுதல் எல்லாம் ஒன்றும் இல்லை, பசியில்லை, அவ்வளவுதான் என்றார். இரண்டு நாள் பட்டினியில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

பௌர்ணமியும் வந்தது.

கோயில் பக்கமே போவதில்லை என்றுதான் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மேளம் கேட்டது. விறகுப்புகை வாசனை வந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். உச்சிவேளையில் பார்த்தால் மனுஷர் வெளிப்பிராகாரத்தில் நிற்கிறார். கால்கள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன.

தவமணியின் ஆட்கள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு அண்டாவில் சோறு வடித்தாகிவிட்டது. நல்ல பதம், குறை சொல்ல முடியாது. முதல் கூடையில் சோற்றை அள்ளி நிரப்பி இரண்டு பேர் தோளுக்கு ஏற்றினார்கள். கூடையிலிருந்து ஆவி புகை மாதிரி எழும்பியது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே கர்ப்பக்கிருகத்தை நோக்கி நடந்தார்கள்.

ஐயாறப்பன் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார்.

ஒவ்வொரு வருஷமும் அவர் அந்தச் சோற்றை வாழையிலை பரப்பி அதன் மேல் கொட்டி, கையால் கிளறிவிட்டு, நாலு பேரை வைத்து விசிறி, புறங்கையில் வைத்துப் பார்த்து, நன்றாக ஆறின பிறகுதான் உள்ளே அனுப்புவார். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். அதை யாரும் தவமணிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கூடை அவரைத் தாண்டிற்று. ஆவி அவர் முகத்தில் அடித்தது.

ஆற வைக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டார்.

தவமணி கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். வேலை நேரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், அவருக்குப் பழக்கம்தான். சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கல்லுக்கு என்னங்க, சுடவா போகுது?"

"சுடும்யா!"

மேளம் நின்றுவிட்டது. அப்படி ஒரு கத்தல். கூடை தூக்கினவர்கள் அப்படியே நின்றார்கள். கோலம் போட்ட பெண்கள் திரும்பினார்கள். குருக்கள் கர்ப்பக்கிருகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஐயாறப்பன் இரண்டு கையாலும் தன் மார்பைப் பொத்திக்கொண்டு நின்றார். கூடையை யாரோ அவர் மேலேயே கவிழ்த்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் எரிந்தது.

குருக்கள் வெளியே வந்தார். கூடையை இறக்கி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஐயாறப்பன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். திரும்பி வாசலைத் தாண்டி, தேர்முட்டியைத் தாண்டி, ஆற்றங்கரையை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினார்.

அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். மீன்கள் விரலைக் கடித்துக்கொண்டிருந்தன.

ஐயாறப்பனுக்கு மூச்சு வாங்கியது. பேசுவதற்கு முன்னால் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவருக்கு ஒண்ணும் வேண்டாம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாவியையும் குடுத்துட்டேன். அப்புறம் ஏம்மா எனக்குச் சுடுது?"

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். பழைய நர்ஸ் பார்வை அது. எழுந்து வந்து, கேட்காமலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

ஐயாறப்பன் விரல் விட்டு எண்ணினார். தவலை விவகாரத்துக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டதுதான்.

"ஏன் சாப்பிடலை?"

"எறங்கலை."

"ஏன் எறங்கலை?"

ஐயாறப்பனுக்கு எரிச்சல் வந்தது. தெரிந்துகொண்டே கேட்கிறாரே இந்த அம்மா.

"சாமி சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுறது?"

அம்மா அவர் கையை விடவில்லை.

"குருக்கள் அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"சாமி என்ன வந்து கேக்கப் போறாரான்னார்."

"வந்து கேட்டாரா?"

"எங்கே கேட்டார்? அவர் பாட்டுக்குக் கல்லா நிக்கிறார்."

"அப்படியா?" என்றார் அம்மா. "அப்போ மூணு நாளா இந்தப் படியில வந்து நின்னு, காஞ்ச வயித்தோட, பசிக்குமா பசிக்காதான்னு என் உயிரை வாங்குறது யாரு?"

ஐயாறப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

'நான்தான்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. மூன்று நாளாகச் சோற்று உருண்டை நின்ற அதே இடத்தில் அதுவும் நின்றது.

அம்மாவைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூட நினைவில்லை.

"ஐயோ" என்றார். "ஐயோ, மூணு நாளாச்சே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்தார் பாருங்கள் ஓட்டம். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். வழியில் கும்பிட்டவர்களைக் கும்பிடவில்லை, கூப்பிட்டவர்களுக்கு நிற்கவில்லை. அம்பத்தெட்டு வயசு ஆள், மூன்று நாள் பட்டினி, எங்கிருந்து வந்தது அந்த வேகம் என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

கோயில் கிணற்றில் ஒரு வாளி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். குருக்கள் கேட்காமலேயே சாவியை நீட்டினார். ஐயாறப்பன் வாய்த்துணியை எடுத்துக் கட்டினார்.

பிறகு நடந்ததெல்லாம் திருவிழாவுக்குள் ஒரு திருவிழா. இலையைப் பரப்பு, இன்னும் பரப்பு. அண்டாவைச் சாய். நீ விசிறு, நீ கிளறு, கட்டி விழுந்தால் உதிர்த்துவிடு. வாய் கட்டியிருந்ததால் எல்லாம் கையால்தான் சொன்னார், ஆனால் பிராகாரம் முழுக்கப் புரிந்தது. தவமணியின் பன்னிரண்டு ஆட்களும் விசிறி பிடித்தார்கள். பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய மாப்பிள்ளைகள் பட்டு வேட்டியோடு முழங்கால் போட்டுச் சோறு கிளறினார்கள். தவமணி இவர் பக்கத்திலேயே நின்று, சொன்னதையெல்லாம் செய்தார். ஒரு தடவை தன் புறங்கையில் சோற்றை வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று தானே சொன்னார்.

ஐயாறப்பன் கூடைக்குக் கூடை புறங்கையில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினார். கடைசிக் கூடை போனபோது வெயில் சாய்ந்துவிட்டது.

திரை போட்டார்கள். உள்ளே குருக்கள் சோற்றை அள்ளி அள்ளிச் சாத்துகிற சத்தம் பொத்துப் பொத்தென்று கேட்டது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மணி அடித்தது. திரை விலகியது.

தலையிலிருந்து ஆவுடை வரை வெள்ளைவெளேரென்று சோறாகவே நின்றார் புரசவனநாதர். தீபம் காட்டினதும் ஒவ்வொரு பருக்கையும் மினுங்கியது. தவிலும் நாதஸ்வரமும் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயின. கூட்டம் முழுக்க ஒரே குரலாக எழும்பியது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், அழுதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஐயாறப்பன் கூட்டத்துக்குப் பின்னால் மடைப்பள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து சந்நிதி தெரியாது. அவர் எட்டிப் பார்க்கவும் இல்லை.

வடிவாம்பாள் தேடிக்கொண்டு வந்தாள். கையில் இலையும், பிரசாதச் சோறும் குழம்பும். எதற்கும் வைத்துப் பார்ப்போம் என்கிற மாதிரிதான் வைத்தாள். மூன்று நாளாக வைத்துத் திரும்பி எடுத்த கை அல்லவா?

அவர் வாய்த்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிசைந்தார். முதல் உருண்டையை வாயில் போட்டார்.

இறங்கிற்று.

இரண்டாவதும் இறங்கிற்று. மூன்றாவது, நாலாவது. ஊதி ஊதி, உருட்டி உருட்டி, புறங்கையில் வழிந்ததை நக்கிச் சாப்பிட்டார். சோறு எப்போதோ ஆறிப்போனது, ஊத வேண்டிய அவசியமே இல்லை. வடிவாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

இலை காலியாயிற்று.

ஐயாறப்பன் காலி இலையைப் பார்த்தார். சந்நிதி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சொந்தக் குரலிலேயே, ஆனால் அவர் இதுவரை ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"இன்னொரு கரண்டி போடு."